சூக்கியோட கடைசி புக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (முடிவு உள்ளயே இருக்கு, ஜாக்கிரதை)

இந்த சீரிஸை யாருக்காவது படிக்கச் சொன்னா போதும், மூணு மாசம் கழிச்சு ராத்திரி பன்னெண்டு மணிக்கு "ஏன் இப்படி முடிச்சுத் தொலைச்சாங்க?"ன்னு ஒரு மெசேஜ் வந்துடும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி எனக்கு விரல் தேஞ்சதுதான் மிச்சம், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டிட்டேன். பேச்சு எதைப் பத்தின்னா, சார்லேன் ஹாரிஸ் எழுதின சூக்கி ஸ்டாக்ஹவுஸ் கதைகள், அதுல 13வதா வந்த கடைசி புக் 'டெட் எவர் ஆஃப்டர்', 2013 மே மாசம் ரிலீஸ். முடிவு தெரியக்கூடாதுன்னா இப்பவே மூடிடுங்க, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

எனக்கு இந்தக் கதையே தெரியாது. சுருக்கமா சொல்லுங்களேன்?

அமெரிக்காவுல லூசியானா மாநிலம், பான் டாம்னு ஒரு குட்டி ஊர். ஊர் கற்பனை, ஆனா பக்கத்துல வர்ற ஷ்ரீவ்போர்ட் நிஜ ஊர். அங்க மெர்லாட்ஸ்னு ஒரு பார், அதுல சூக்கி வெயிட்ரஸ். அவளுக்கு மத்தவங்க மனசுல ஓடறது காதுல விழற மாதிரி கேக்கும். கேக்க ஜாலியா இருக்குல்ல? நாலு டேபிளுக்கு பீர் கொண்டு போறதுக்குள்ள நாலு பேரும் அவளைப் பத்தி மனசுக்குள்ள என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டே சிரிச்ச முகமா நிக்கணும், யாரையும் லவ் பண்ண முடியாது, ஏன்னா பக்கத்துல உக்காந்த பையன் வாயால ஒண்ணு சொல்லுவான் மண்டைக்குள்ள வேற ஓடும். ஊர்ல பாதி பேர் அவளை லூசுன்னே நினைக்கிறாங்க.

இன்னொரு பக்கம், ஜப்பான்காரங்க செயற்கை ரத்தம் கண்டுபிடிச்சுட்டதால, "இனிமே உங்களைக் கடிக்க மாட்டோம்"னு உலகத்துல இருக்கிற வேம்பயர் எல்லாம் வெளிய வந்து சம உரிமை கேக்குது. அதுல பில் காம்ப்டன்னு ஒருத்தன், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல சண்டை போட்ட ஆளு, ஒருநாள் அந்த பாருக்கு வர்றான். அவன் மனசுல இருந்து சூக்கிக்கு ஒரு சத்தமும் கேக்கல. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ஆம்பள பக்கத்துல அமைதி. அவ விழுந்தது அழகுலயோ பணத்துலயோ இல்ல, அந்த அமைதியில. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ மறுபடி வரும்.

முதல் புக் 2001. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு வச்சு வந்துச்சு. பதிமூணு தலைப்புலயும் 'டெட்' இருக்கும்.

அர்பன் ஃபேன்டசின்னு சொல்றீங்க, ஆனா கதை பட்டிக்காட்டுலதானே நடக்குது?

ஆமா. கல்லறைத் தோட்டம், சர்ச், ஒரே ஒரு பார், அவ்ளோதான் ஊரு. இந்தக் கால நிஜ உலகத்துல பேய் பிசாசு எல்லாம் வரி கட்டி வண்டி ஓட்டிட்டு இருந்தா அந்த வகைக்கு அர்பன் ஃபேன்டசின்னு பேரு வச்சுட்டாங்க, நாம மாத்த முடியாது.

ரொம்ப டார்க்கா இருக்குமா? காமெடின்னு கேள்விப்பட்டேன்.

ரெண்டும். சூக்கி பேசற விதம் பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில உக்காந்து சொல்ற மாதிரி இருக்கறதால சிரிச்சுக்கிட்டே போவோம், திடீர்னு ஒரு பக்கத்துல வயித்தைக் கலக்கிடும். ஒன்பதாவது புக்ல ரெண்டு ஃபேரிங்க (நாம நினைக்கிற சிறகு வச்ச குட்டி தேவதை இல்ல, கூரான பல்லோட வர்ற ராட்சசங்க) அவளைப் பிடிச்சு சித்திரவதை பண்ற இடம் இருக்கு, அதை நான் ரெண்டாவது தடவை படிக்கவே இல்ல. சின்ன வயசுல சொந்தக்கார ஆளே அவகிட்ட தப்பா நடந்துக்கிட்ட விஷயமும் முதல் புக்லயே வருது. பதினாறு வயசுப் பசங்களுக்கு வாங்கிக் கொடுக்காதீங்க.

சரி, கடைசி புக்ல என்னதான் நடக்குது?

ஆர்லீன்னு ஒருத்தி. முதல் புக்ல சூக்கியோட வேலை பாத்த தோழி. அப்புறம் வேம்பயரை வெறுக்கற மதக் கூட்டத்துல சேந்து, சூக்கியைச் சிலுவையில அறையத் திட்டம் போட்ட ஆளுங்களுக்கு உடந்தையா இருந்து ஜெயிலுக்குப் போனவ. அவ வெளிய வந்து நேரா மெர்லாட்ஸுக்கே வந்து மறுபடி வேலை கேக்கறா. என்ன தைரியம் பாருங்க. சூக்கி முடியாதுங்கறா. கொஞ்ச நாள்ல ஆர்லீன் கழுத்து நெரிச்சுச் செத்துக் கிடக்கறா, நெரிச்ச துணி சூக்கியோட ஸ்கார்ஃப். போலீஸ் சூக்கியைக் கூட்டிட்டுப் போகுது. பழைய பகையாளிங்க எல்லாம் ஒண்ணு சேந்து மாட்டிவிடறாங்க, பழைய நண்பருங்க எல்லாம் ஒண்ணு சேந்து காப்பாத்த வர்றாங்க. மேல் கதை இதுதான்.

உள் கதை வேற. எரிக் நார்த்மன், ஆயிரம் வருஷத்து வைக்கிங் வேம்பயர், சூக்கியோட (வேம்பயர் சட்டப்படி) புருஷன், அவனை வேம்பயரா மாத்தினவன் சாகறதுக்கு முன்னாடி போட்டு வச்ச ஒப்பந்தப்படி ஓக்லஹோமா மாநிலத்து வேம்பயர் ராணி ஃப்ரெய்டாவைக் கட்டிக்கிட்டுப் போயாகணும். போயிடறான். சூக்கிக்கு மிஞ்சறது பார் முதலாளி சாம் மெர்லாட். உருவம் மாறி கோலி இனத்து நாயா ஆவானே, அந்த சாம்.

அந்தப் பச்சைக் கல் விவகாரம் புரியல. அதை ஏன் எரிக்குக்குப் பயன்படுத்தல?

எனக்கு வர்ற கேள்வியில பாதி இதுதான், அதனால கொஞ்சம் பொறுமையா.

அதுக்குப் பேரு க்ளூவியல் டோர். சூக்கியோட பாட்டிக்கு ஒரு ஃபேரி காதலன் இருந்தான், அவன் கொடுத்த பரிசு. வெளிர் பச்சை, வட்டமா பவுடர் டப்பா சைஸ்ல இருக்கும், கையில வச்சா இதமா இருக்கும். ஒரே ஒரு தடவை, மனசார நேசிக்கறவங்களுக்காக ஒரு ஆசை நிறைவேத்தும். பாட்டி அதை மேசையோட ரகசிய அறையில வச்சுட்டு, ஆயுசு முழுக்கப் பயன்படுத்தாமயே போயிட்டாங்க. 11வது புக்ல அது சூக்கி கைக்கு வருது.

12வது புக் முழுக்க எரிக் எதிர்பாக்கறது, இவ அந்தக் கல்லை எடுத்து "இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாது"ன்னு சொல்லிடுவான்னு. வாய்விட்டுக் கேக்க மாட்டான், ஆனா காத்துக்கிட்டே இருக்கான். அவ செய்யல, தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கா. கடைசியில ஜானலின்ங்கற ஓநாய்ப் பொண்ணு வெட்டினதுல சாம் செத்துப் போறான். அப்ப சூக்கி யோசிக்கவே இல்ல, கல்லை எடுத்தா, சாம் பிழைச்சான்.

இப்ப சொல்லுங்க, மாசக்கணக்கா யோசிச்சும் ஒருத்தனுக்காகக் கை வரல, இன்னொருத்தனுக்காக ஒரு நொடியில கை தானா போச்சு. 13வது புக்கோட முடிவு 12வது புக்கோட அந்த ஒரு நொடியிலயே முடிஞ்சு போச்சுங்கறது என் கட்சி. எரிக் ஆளுங்க சொல்ற பதில், "செத்தவனைக் காப்பாத்தறதும் லவ்வும் ஒண்ணா? ஃப்ரெண்டுக்கு யாரா இருந்தாலும் செய்வாங்க"ன்னு. நியாயமான வாதம்தான். ஆனா அந்தக் கல் நேசத்துக்குத்தான் வேலை செய்யும்னு புக்லயே சொல்லியாச்சு, அதை என்ன பண்றது?

எரிக் ரசிகர்கள் அவ்ளோ கோவப்பட என்ன காரணம்? வெறும் ஹீரோ மோகமா?

அப்படிச் சொல்லி ஒதுக்கறது தப்பு. நாலாவது புக்கை எடுத்துப் பாருங்க. புது வருஷ ராத்திரி, நடுங்கற குளிர், சூக்கி வேலை முடிச்சு வண்டி ஓட்டிட்டு வர்றா, ரோட்டோரமா சட்டை இல்லாம, செருப்பு இல்லாம, ஒரு ஜீன்ஸ் மட்டும் போட்டுக்கிட்டு ஒருத்தன் ஓடறான். பாத்தா எரிக். ஒரு பெரிய ஏரியாவையே ஆட்டி வைக்கிறவன், யாருக்கும் பயப்படாதவன், சூனியக்காரி வச்ச வேலையில தன் பேரு கூட ஞாபகம் இல்லாம கண்ணுல பயத்தோட நிக்கறான். அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறா, ஒளிச்சு வைக்கிறா. திமிர் போன எரிக் எவ்ளோ நல்லவன்னு அந்தப் புக் முழுக்க காட்டிட்டு, சூனியம் எடுத்ததும் அந்த நாள் எல்லாம் அவனுக்கு மறந்து போயிடுச்சுன்னு முடிச்சாங்க. அவளுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒரு ரைட்டர் இப்படி ஒரு கொக்கியைப் போட்டுட்டு ஒன்பது புக் கழிச்சு "அது சும்மா"ன்னு சொன்னா வாசகன் கோவப்படாம என்ன பண்ணுவான்?

நானும் நாலாவது புக் படிச்சப்ப எரிக் கட்சிதான். கட்சி மாறினது ஒன்பதாவது புக்ல. வெல்வெட் துணியில சுத்தின ஒரு கத்தியை எரிக் கையில கொடுக்கச் சொல்றாங்க, அவளும் என்னன்னு தெரியாம கொடுக்கறா, பாத்தா அது வேம்பயர் முறைப்படி கல்யாணம். கேக்கல, சொல்லல, தாலி கட்டின மாதிரி ஆயிப்போச்சு. அவளோட பாதுகாப்புக்குத்தான்னு அவன் சொல்றான், அது உண்மையும் கூட. இருந்தாலும் எனக்கு அன்னைக்கே மனசு விட்டுப்போச்சு. 11வது புக்ல, ஒருத்தர் ரத்தத்தை ஒருத்தர் குடிச்சதால ரெண்டு பேருக்கும் நடுவுல உண்டான பந்தத்தை மந்திரத்தால அறுத்தப்புறம், இந்த லவ் நம்மளோடதா, அவன் ரத்தம் பண்ண வேலையான்னு சூக்கியே குழம்பறா. கிளம்பறதுக்கான மூட்டையை ரைட்டர் ரொம்ப நாளாவே கட்டிட்டு இருந்தாங்க.

பில்?

பில்லை ஆறாவது புக்லயே முடிச்சாச்சு. லூசியானா வேம்பயர் ராணி அனுப்பித்தான் அவன் அந்த ஊருக்கே வந்தான்னு தெரிஞ்சப்புறம் என்ன இருக்கு. அந்த முதல் அமைதியே ஒரு டூட்டின்னு தெரியற இடம், மொத்த சீரிஸ்லயும் என்னை ரொம்ப வலிக்க வச்ச இடம் அதுதான்.

சாம் முடிவு திடீர்னு திணிச்சதுதானே? முன்னாடி ஏதாவது அறிகுறி இருந்துச்சா?

இருந்துச்சு, ஆனா நாம பாக்கல, எரிக் வந்தா யாரு சாமைப் பாக்கறா. எனக்குப் பெரிய அறிகுறி வெயில். சூக்கிக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் வெயில் காயறது. லீவு நாள்னா பின்னாடி முற்றத்துல சாய்வு நாற்காலியைப் போட்டு, எண்ணெய் தடவிக்கிட்டு, புக்கோட படுத்துடுவா. இது ஒரு புக்ல இல்ல, திரும்பத் திரும்ப வருது. வேம்பயரா மாறச் சம்மதமான்னு யார் கேட்டாலும் மாட்டேங்கறா. பாட்டி வீட்டை விட்டுப் போக மாட்டேங்கறா. குழந்தைங்களைப் பாத்தா ஏங்கறா. பகல்ல அவ பக்கத்துல நிக்க முடியாத, குழந்தை கொடுக்க முடியாத, எப்ப எந்த ராஜா கூப்பிட்டாலும் மூட்டை கட்ட வேண்டிய ஒருத்தனோட இவ எத்தனை நாள் ஓட்டுவா? 2011ல வந்த ஒரு குறுநாவல்ல சாமோட தம்பி கல்யாணத்துக்கு அவ டெக்சாஸ் போயிட்டு வந்ததும் இருக்கு, அதைப் படிச்சவங்களுக்குக் கடைசி புக் பெரிய அதிர்ச்சி இல்ல. ரொம்ப முன்னாடியே இந்த முடிவைத் தீர்மானிச்சுட்டேன்னு ஹாரிஸும் பேட்டியில சொல்லியிருக்காங்க.

அப்ப கடைசி புக் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க.

இல்லவே இல்ல. முடிவு சரி, புக் சரியில்ல. எல்லாரும் தப்பான இடத்துல கல் எறியறாங்கங்கறதுதான் என் ஆதங்கம்.

முதல் குறை, பன்னெண்டு புக் முழுக்க சூக்கி சொல்லித்தான் கதை கேட்டோம், அவ குரல்தான் இந்த சீரிஸே. 13வதுல நடுநடுவுல சூக்கி இல்லாத காட்சிங்க, வில்லனுங்க உக்காந்து திட்டம் போடறது, வேற யாரோ சொல்ற மாதிரி வருது. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியறப்ப சஸ்பென்ஸ் கூடும்னு நினைச்சிருப்பாங்க, எனக்கு என்னமோ டிவி பாத்துட்டு இருக்கும்போது யாரோ சேனல் மாத்தின மாதிரிதான் இருந்துச்சு.

அடுத்து, பழைய ஆளுங்க வருகை. க்வின், பாரி, அமீலியா, டயந்தா, மிஸ்டர் கடாலியாடிஸ்னு வரிசையா வர்றாங்க. கல்யாண ரிசப்ஷன்ல மேடை ஏறி, கவரைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரிச்சுட்டு, அந்தப் பக்கமா இறங்கி நேரா சாப்பாட்டுக்குப் போவாங்களே, அதே மாதிரி. அவங்களுக்குப் படுக்கை போட்டு, சோறு போட்டு, பாத்திரம் கழுவறதுலயே சூக்கிக்குப் பாதி புக் போயிடுது.

மூணாவது, என் கணக்குல மன்னிக்க முடியாதது, சாம். செத்துப் பிழைச்சவன் எப்படி இருப்பான்? ஆரம்பத்துல சாம் யார்கூடயும் பேசாம ஒதுங்கிக் கிடக்கறான், நான் நிமிந்து உக்காந்தேன், இதுக்குள்ள போகப் போறாங்கன்னு. போகல. சூக்கி அவனைச் சத்தம் போட்டு எழுப்பி வேலைக்கு அனுப்பறா, அவ்ளோதான். பன்னெண்டு புக்கா ஓரமா நின்னு கிளாஸ் துடைச்ச ஆளுக்கு, கடைசியிலயாவது எரிக்குக்கு நாலாவது புக்ல கொடுத்த மாதிரி ஒரு இடம் கொடுத்திருக்கலாம். எரிக்கையும் அவசரமா வண்டி ஏத்தி அனுப்பிட்டாங்க, சாமையும் சரியா உள்ள கூட்டிட்டு வரல. வாசகருங்க ஏமாந்தது இந்த ரெண்டுக்கும் நடுவுல.

யாரையுமே கட்டிக்காம தனியா நிக்க வச்சிருக்கலாமே?

இந்தக் கட்சியும் உண்டு, எனக்குப் பிடிச்ச கட்சி. ஆனா நல்லாப் பாத்தீங்கன்னா புக் கிட்டத்தட்ட அங்கதான் முடியுது. கல்யாணம் கிடையாது, சத்தியம் கிடையாது. அவசரப்படாம பாப்போம்னு ரெண்டு பேரும் இருக்காங்க, அவ தன் வீட்டுல, தன் ஊர்ல நிக்கறா. பாருக்கு வெயிட்ரஸா வந்தவ இப்ப அதுல பங்குதாரர், கஷ்டத்துல இருந்த சாமுக்கு அவ போட்ட பணம். 'சாமைக் கட்டிக்கிட்டா'ன்னு கத்தறவங்க கடைசிப் பக்கத்தைச் சரியாப் படிக்கலன்னு நினைக்கிறேன்.

அப்புறம் கல்யாணம் ஆச்சுன்னு எங்கயோ படிச்சேனே?

அது 'ஆஃப்டர் டெட்'ல. அதே 2013, அக்டோபர்ல வந்த ஒல்லி புக். கதை இல்ல, அகராதி மாதிரி எழுத்து வரிசையில ஒவ்வொரு ஆளும் பின்னாடி என்ன ஆனாங்கன்னு சில வரி. சூக்கிக்கும் சாமுக்கும் கல்யாணம், குழந்தைங்கன்னு அதுலதான் வரும். காசு கொடுத்து வாங்காதீங்க, எங்கயாவது ஓசியில கிடைச்சா அரைமணி நேரத்துல புரட்டிடலாம். எட்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போனா டீக்கடையில நின்னு "அவன் துபாய் போயிட்டான், இவளுக்கு ரெண்டாவது பொண்ணு"ன்னு சொல்வாங்களே, அந்த அளவுக்குத்தான் இருக்கு.

புக் வர்றதுக்கு முன்னாடியே ஏன் அவ்ளோ கலவரம்?

ஜெர்மனியில ஒரு வாசகர் கைக்கு ரிலீஸ் தேதிக்கு முன்னாடியே புக் கிடைச்சு, முடிவு இணையத்துல வெளிய வந்துடுச்சு. புக்கைக் கண்ணால பாக்காதவங்க எல்லாம் ஒரு ஸ்டார் போட்டுக் கழுவி ஊத்த ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் கூட விடலாம். ரைட்டரை மிரட்டினாங்க, எரிக்கோட சேத்து வைக்கலன்னா உயிரை விட்டுடுவோம்னு எழுதினவங்களும் உண்டு. ஹாரிஸ் அந்தப் புக்குக்கு ஊர் ஊராப் போய் வாசகரைச் சந்திக்கற வழக்கத்தையே விட்டுட்டாங்க. அப்ப அவங்களுக்கு அறுபது வயசுக்கு மேல. எனக்கும் புக் மேல கோவம் உண்டு, மேல அவ்ளோ திட்டியிருக்கேன், ஆனா இது அசிங்கம்.

நான் சீரியல் மட்டும்தான் பாத்தேன். நேரா கடைசி புக் படிக்கலாமா?

தலையும் புரியாது வாலும் புரியாது. இந்தக் கதையை வச்சு எடுத்த சீரியல் 'ட்ரூ பிளட்' 2008ல இருந்து 2014 வரை, ஏழு சீசன், எண்பது எபிசோடு. முதல் சீசன் முதல் புக்கை ஒட்டிப் போகும், போகப் போக அது தனி வழி. சீரியல்ல கொடி கட்டிப் பறக்கற லஃபாயெட் புக்ல ரெண்டாவது பாக ஆரம்பத்துலயே பிணமா காருக்குள்ள கிடப்பான். ஜெசிகான்னு ஒரு ஆளே புக்ல கிடையாது. முடிவும் வேற: அங்க பில் சூக்கி கையாலயே சாகறான், அவ கடைசியில முகமே காட்டாத யாரோ ஒருத்தனோட கர்ப்பமா உக்காந்திருக்கா. சாம் முடிவு மோசம்னு சொல்றவங்க அதைப் பாத்துட்டு வாங்க, சாம் கடவுளாத் தெரிவான்.

பாம் என்ன ஆனா?

பாம், எரிக் உருவாக்கின வேம்பயர், அவனோட வலது கை. எரிக் போனப்புறம் அந்த ஏரியா வேம்பயருங்களுக்கு அவதான் ஷெரிஃப், அதாவது தலைவி. புக்ல எல்லாருக்கும் ஏகமனதாப் பிடிச்ச ஒரே விஷயம் இதுதான்.

இதுக்கப்புறம் சூக்கி வருவாளா?

சூக்கி கதையைத் தொடர்ந்து ஹாரிஸ் நாவல் எழுதல. ஆனா 2014ல அவங்க ஆரம்பிச்ச 'மிட்நைட், டெக்சாஸ்'ங்கற வேற சீரிஸ்ல க்வினும் பாரியும் எட்டிப் பாக்கறாங்க. பாரி ரெண்டாவது புக்ல வர்றான், அங்க கொஞ்சம் மனசு நிறையும்.

பத்தாவது புக்கோட நிறுத்திட்டேன், எரிக்கும் சூக்கியும் சேந்துதான் இருக்காங்க. மேல படிக்கணுமா?

என் ஆபீஸ்ல பக்கத்து சீட் தோழி இதே இடத்துல நிறுத்திட்டா. ரெண்டு பேரும் இன்னமும் ஷ்ரீவ்போர்ட்ல சந்தோஷமாக் குடும்பம் நடத்தறதா அவ நினைச்சுக்கிட்டு இருக்கா, லஞ்ச் டைம்ல எரிக் பேச்சை எடுத்தா முகமெல்லாம் பல்லா இருக்கும். எட்டு வருஷமா நான் வாயைத் திறக்கல. இந்தப் பக்கத்தோட லிங்க்கையும் அவளுக்கு அனுப்பப் போறதில்ல.